வர்ஜீனியா சிட்டி: நெவாடா மலைச்சரிவில் வெள்ளி எழுப்பிய ஊர்

நெவாடா மாநிலத்தின் வர்ஜீனியா சிட்டியில் தெருக்களுக்கு எழுத்துகளே பெயர். டேவிட்சன் மலையின் கிழக்குச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில், ஏ தெரு, பி தெரு, சி தெரு, டி தெரு என்று படிக்கட்டு போல ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. மேல்தெருக்களில் சுரங்க முதலாளிகளும் மேலாளர்களும் வீடு கட்டினார்கள். சி தெருவில் கடைகள், மதுக்கூடங்கள், வங்கி, பத்திரிகை அலுவலகம். டி தெருவில் பாலியல் தொழில் நடந்த விடுதிகள். அதற்கும் கீழே சீனர் குடியிருப்பு. இடையிடையே சுரங்கக் கொட்டகைகள், புகைபோக்கிகள், கழிவுப் பாறை மேடுகள். பணம் யாரிடம் எவ்வளவு இருந்தது என்பதை அந்த மலைச்சரிவைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளி அரசர்களையும் துப்பாக்கிச் சண்டைகளையும் எழுத்தாளர் மார்க் ட்வைனையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஊர் ஏன் எழுந்தது, எப்படி 20 ஆண்டு தாக்குப்பிடித்தது, ஏன் அவ்வளவு வேகமாக ஓய்ந்தது என்று கேட்டால், பதில் தெருவில் இல்லை. தெருவுக்கு அடியில் இருக்கிறது. அங்கே தாது ஏராளம், ஆனால் பாறை நிற்காது. மரம் இல்லை. மேலே குடிக்கத் தண்ணீர் இல்லை, கீழே கொதிக்கும் தண்ணீர். தங்கம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு வெள்ளியைப் பிரிக்கத் தெரியாது. ஒவ்வொரு முட்டுக்கட்டைக்கும் யாரோ ஒருவர் வழி கண்டுபிடித்தார். அந்த வழிகள்தான் இந்த ஊரின் உண்மையான வரலாறு.

கதை 1859 ஜூனில் தொடங்குகிறது. பீட்டர் ஓரைலி, பேட்ரிக் மெக்லாக்லின் என்ற இரண்டு ஐரிஷ்காரர்கள் சிக்ஸ் மைல் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் மண் அலசிக்கொண்டிருந்தார்கள். அலசுவதற்குத் தண்ணீர் போதவில்லை. ஊற்றுநீரைத் தேக்க ஒரு குழி தோண்டினார்கள். குழியின் அடியில் வந்த கறுத்த மண்ணை அலசிப் பார்த்தபோது தங்கம் மின்னியது. செய்தி பரவுவதற்குள் ஹென்றி காம்ஸ்டாக் என்பவர் வந்து, இந்த நிலமும் ஊற்றும் தன்னுடையவை என்று வாதாடிப் பங்கு பெற்றுக்கொண்டார். கண்டெடுத்த இருவரின் பெயரும் மறைந்து, முழுத் தாதுப் படுகைக்கும் காம்ஸ்டாக் என்ற பெயரே நிலைத்தது.

தங்கத்தோடு கூடவே வந்த கனமான நீலக்கறுப்புச் சேறு அவர்களுக்குப் பெருந்தொல்லை. தொட்டிலாட்டி மண் அலசும் பெட்டியில் அது அடைத்துக்கொண்டது. வாரி வாரி ஓரமாக எறிந்தார்கள். அந்தச் சேற்றில் கொஞ்சம் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சோதிக்கப்பட்டபோது ஒரு டன்னில் சுமார் 3,000 டாலர் வெள்ளியும் அதற்கு மேல் நூற்றுக்கணக்கான டாலர் தங்கமும் இருப்பது தெரிந்தது. எறிந்தது வெள்ளி சல்பைடு. சியரா மலையைத் தாண்டிக் கூட்டம் கிளம்பியது. ஜார்ஜ் ஹெர்ஸ்ட் ஓஃபிர் சுரங்கத்தில் பங்கு வாங்கி, அந்த ஆண்டே 38 டன் தாதுவைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி மலை தாண்டி சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார். உருக்கிய வெள்ளிக் கட்டிகளைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை.

இங்கே வெள்ளி உண்டு என்று இவர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தவர்கள் கிராஷ் சகோதரர்கள். 1857-இல் தம்பி ஹோசியாவின் காலில் மண்வெட்டிக் கோடரி பட்டு, புண் புரையோடி இறந்தார். அண்ணன் ஆலன் அந்தக் குளிர்காலத்திலேயே சியராவைக் கடக்கப்போய்ப் பனியில் கால்கள் உறைந்து, அதனாலேயே மாண்டார். காம்ஸ்டாக் தன் பங்கைச் சில ஆயிரம் டாலருக்கு விற்று, கடைசியில் மொன்டானாவில் வறுமையில் உயிரை மாய்த்துக்கொண்டார். முதலில் தொட்டவர்கள் யாரும் வாழவில்லை என்பது இந்த ஊரின் வரலாற்றில் மனத்தை உறுத்தும் பகுதி. அதற்குக் காரணமும் வெளிப்படை: மேற்பரப்புத் தங்கத்துக்கு மண்வெட்டி போதும், ஆழத்து வெள்ளிக்கு மூலதனம் வேண்டும்.

ஊருக்குப் பெயர் வந்த கதையையும் சொல்லிவிடலாம். வர்ஜீனியாவில் பிறந்த ஜேம்ஸ் ஃபின்னி குடிபோதையில் விழுந்து விஸ்கி புட்டி உடைந்ததாகவும், சிந்திய விஸ்கியை வீணாக்க மனமில்லாமல் அதையே ஊருக்கு ஞானஸ்நானம் ஆக்கிப் பெயர் வைத்ததாகவும் ஊரில் சொல்வார்கள். அது செவிவழிக் கதை.

முதல் பெரிய சோதனை 1860-இல் வந்தது. ஓஃபிர் சுரங்கத்தில் மேலே சில அடி அகலமாக இருந்த தாது, கீழே போகப் போக விரிந்தது. சுமார் 180 அடி ஆழத்தில் அதன் அகலம் 40 அடியைத் தாண்டியது. அதுவும் கடினப் பாறையாக இல்லை, கையால் உதிர்க்கும் அளவுக்கு நொறுங்கலாக இருந்தது. பக்கவாட்டில் களிமண். இந்தக் களிமண் காற்றுப் பட்டதும் ஊதிப் பெருத்து, முட்டுக் கொடுத்த மரங்களை நெருக்கி முறித்தது. கலிபோர்னியாச் சுரங்கங்களில் பழக்கமான முறை எளியது: இரண்டு தூண், மேலே ஒரு உத்தரம். குறுகிய தாதுக்கு அது சரி. 40 அடி அகலத்துக்கு உத்தரம் போட எந்த மரமும் போதாது. துண்டு மரங்களை ஒட்டுப் போட்டால் ஒட்டில் முறியும். தாது கண்ணெதிரே இருக்கிறது, எடுத்தால் தலையில் விழும்.

ஓஃபிர் நிறுவனம் பிலிப் டைடஸ்ஹைமர் என்ற ஜெர்மானியப் பொறியாளரை அழைத்தது. அவர் சில வாரங்களில் வகுத்த முறைக்குச் சதுரச் சட்டம் என்று பெயர் சொல்லலாம். நீள மரத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, குட்டை மரங்களைக் கொண்டு கட்டம் கட்டினார். 4 முதல் 6 அடி நீளமுள்ள கனத்த சதுர மரங்கள். ஒவ்வொன்றின் முனையிலும் கழுந்தும் துளையும் மேலே ஆலையிலேயே ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்கும். கீழே தரைச்சட்டம் வைத்து, அதன் மேல் தூண்களை நிறுத்தி, தூண்களின் தலையை இரு திசையிலும் சட்டங்களால் கோத்தால் ஒரு கனசதுரக் கூடு. தூண், உத்தரம், குறுக்குச்சட்டம் மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் கழுந்து மற்றொன்றின் தலையில் அமரும், ஆணியே வேண்டாம். சுமை ஏற ஏற மூட்டு இறுகுமே தவிர நழுவாது. ஒரு கூட்டின் தாதுவை எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு கூடு. பக்கத்தில் எடுத்தால் பக்கத்தில் இன்னொன்று. மேலே எடுத்தால் பலகை பரப்பி அதன் மேல் அடுத்தது. தேன்கூடு போல எந்தத் திசையிலும் வளரும். வேலை முடிந்த கூடுகளில் கழிவுப் பாறையை நிரப்பிவிட்டால் அவையே தூண்களாகி மலையைத் தாங்கும்.

டைடஸ்ஹைமர் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. அதனால் பக்கத்துச் சுரங்கங்கள் உடனே எடுத்துக்கொண்டன, பின்னர் உலகின் பல இடங்களுக்கும் பரவியது. இந்த ஊரின் நாயகர்களாகப் பெரும் பணக்காரர்களையே நிறுத்துகிறார்கள். தாது எடுப்பதைச் சாத்தியமாக்கியவர் இவர்தான் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இந்த முறைக்கு இரண்டு குறைகள். சூடும் ஈரமுமான சுரங்கக் காற்றில் மரம் சீக்கிரம் மக்கும்; மக்கியதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது பயங்கரமானது: மலையின் வயிற்றுக்குள் உலர்ந்த மரக் காடு ஒன்றை அடுக்கி வைத்ததுபோல ஆகிவிடும். 1869 ஏப்ரல் 7 காலையில் கோல்ட் ஹில் பகுதியின் யெல்லோ ஜாக்கெட் சுரங்கத்தில், 800 அடி மட்டத்தில் தீப்பிடித்தது. பக்கத்திலிருந்த கென்டக், கிரௌன் பாயின்ட் சுரங்கங்கள் நிலத்தடியில் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. தூண்கள் எரிந்து கூரை சரிந்தபோது, தேங்கிய புகையும் நச்சுக்காற்றும் அந்த வழிகளில் தள்ளப்பட்டன. குறைந்தது 35 பேர் இறந்தார்கள். மேலேறும் கூண்டில் இடம் கிடைக்காமல் மூச்சுத் திணறி மாண்டவர்கள் பலர். காற்றை அடைத்து நெருப்பை அணைக்கச் சுரங்க வாய்களை மூட வேண்டியிருந்தது. அப்படியும் உள்ளே கனன்ற நெருப்பு மாதக்கணக்கில் அடங்கவில்லை.

இத்தனை மரமும் எங்கிருந்து வந்தது? டேவிட்சன் மலையைச் சுற்றியிருந்த குட்டைப் பைன் மரங்கள் சில ஆண்டுகளில் அடுப்புக்கே தீர்ந்துவிட்டன. பிறகு சியரா மலையின் கிழக்குச் சரிவும் டாஹோ ஏரிக்கரையும் வெட்டப்பட்டன. மொத்தமாக ஏறக்குறைய 60 கோடி போர்டு அடி (ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் உள்ள பலகை ஒரு போர்டு அடி) மரம் சுரங்கங்களுக்குள் புதைந்ததாகக் கணக்கு. அன்று ஊரில் பத்திரிகையாளராக இருந்த டான் டி குயில், காம்ஸ்டாக்கை சியராக் காடுகளின் கல்லறை என்றே எழுதினார்.

மலையிலிருந்து மரத்தை இறக்க வி வடிவ மரவாய்க்கால் பயன்பட்டது. சுமார் 2 அடி அகலப் பலகைகள் இரண்டைச் செங்கோணமாகச் சேர்த்து, தாங்குகட்டைகள் மேல் மைல் கணக்கில் நீட்டுவார்கள். அடி தட்டையான வாய்க்காலில் கட்டை குறுக்கே திரும்பிச் சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் குவிந்து வாய்க்காலே உடையும். வி வடிவில் கட்டை சிக்கினால் பின்னே தேங்கும் தண்ணீர் அதைத் தூக்கி விலக்கிவிடும். தண்ணீரும் குறைவாகவே செலவாகும். 1875-இல் சுரங்க முதலாளிகள் ஜேம்ஸ் ஃபேரும் ஜேம்ஸ் ஃபிளட்டும் ஒரு நியூயார்க் நிருபரோடு பன்றித்தொட்டி போன்ற படகில் ஏறி, 15 மைல் வாய்க்காலை 35 நிமிடத்தில் இறங்கினார்கள். உயிரோடு வந்தது பெரிது என்று ஆனது.

தாதுவை மேலே கொண்டுவந்த பிறகும் வெள்ளி கையில் வராது. மெக்சிக்கர்கள் கொண்டுவந்த முற்ற முறையில், அரைத்த தாதுவோடு உப்பும் செம்புச் சேர்மங்களும் பாதரசமும் கலந்து, கல் பாவிய முற்றத்தில் பரப்பி, கோவேறு கழுதைகளை விட்டு மிதிக்க வைப்பார்கள். வெயில் சூட்டில் வாரக்கணக்கில் ஆகும். இந்த உயரத்தின் குளிர்காலத்தில் அது நடக்காத காரியம். ஆல்மரின் பால் என்பவர் 1860 ஆகஸ்டில் தொடங்கிய ஆலையில் இரும்புக் கொப்பரையில் நீராவிச் சூட்டில் இதைச் செய்தார். வாரக்கணக்கு மணிக்கணக்கு ஆனது. இந்த வட்டாரத்தின் பெயராலேயே இது வாஷோ முறை எனப்பட்டது.

முறை இதுதான். முதலில் தாதுக்கட்டிகளை இரும்பு உலக்கைகளால் தண்ணீரோடு இடிக்க வேண்டும். ஒவ்வொரு உலக்கையும் 600 முதல் 800 பவுண்டு எடை. ஐந்தைந்தாக வரிசை கட்டி, சுழலும் தண்டு தூக்கித் தூக்கிப் போடும். மெல்லிய சல்லடை வழியே வெளியேறும் குழம்பு தொட்டிகளில் படியும். படிந்த மாவை ஒன்று முதல் ஒன்றரை டன் வரை வாரி, 4–5 அடி விட்டமுள்ள இரும்புக் கொப்பரையில் போட்டு, கூழ் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, நீராவியால் சூடேற்றுவார்கள். உள்ளே ஆட்டுக்கல் போலச் சுற்றும் கனத்த இரும்புத் தட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரம் அரைக்கும். உப்பும் மயில்துத்தமும் சேரும். மாவு விரலில் நெருடாத நிலை வந்ததும் தட்டைச் சற்றே தூக்கி, பாதரசத்தைத் தூவி, மேலும் இரண்டு மணி நேரம் கலக்குவார்கள். பிறகு பெரிய தொட்டியில் இறக்கி, தண்ணீர் விட்டு இளக்கினால் கனத்த ரசக்கலவை அடியில் தங்கும். சக்கை வழிந்து போகும். ரசக்கலவையைக் கான்வாஸ் பையில் பிழிந்தால் மிகுதிப் பாதரசம் வடியும். மீந்த உருண்டையை வாலையில் இட்டுச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிக் குளிர்ந்து திரும்பும், உள்ளே நுரைத்த வெள்ளியும் தங்கமும் நிற்கும்.

இதில் எல்லாரும் தவறாகப் புரிந்துகொண்ட ஒன்று உண்டு. மருந்துச் சரக்கில்தான் சூட்சுமம் என்று ஆலைக்காரர்கள் நம்பினார்கள். ஆளாளுக்கு ரகசியக் கலவை. சுற்றிலும் முளைத்துக் கிடந்த சேஜ் செடியைக் காய்ச்சிய கஷாயத்தைக்கூட ஊற்றினார்கள். உண்மையில் பெரும்பகுதி வேலையைச் செய்தது கொப்பரையின் இரும்பே. அரைபடும்போது தேய்ந்து விழும் புத்திரும்பு வெள்ளிச் சேர்மத்திலிருந்து வெள்ளியை விடுவித்தது. பாதரசம் அதைப் பற்றிக்கொண்டது. கொப்பரை தேய்ந்து ஓட்டையாவதை நட்டமாகப் பார்த்தவர்கள், அந்தத் தேய்மானமே வருமானம் என்பதை அறிய நாளானது.

கோளாறுகளும் அங்கேதான் தொடங்கின. பாதரசத்தை அளவுக்கு மீறி அரைத்தாலோ, எண்ணெய்ப் பிசுக்கும் சல்பைடும் அதன்மேல் படிந்தாலோ, அது மாவு போன்ற நுண்துளிகளாக உடையும். அப்படி உடைந்த துளிகள் மறுபடி சேராமல், பற்றிய வெள்ளியோடு சக்கையில் ஓடிவிடும். அதனால் தாதுவில் இருப்பதாகச் சோதனை சொன்ன மதிப்பில் 65 சதவீதத்தைக் கொடுத்தால் போதும் என்ற ஒப்பந்தம் ஆலைகளில் வழக்கமாக இருந்தது. மீதம் ஆற்றுக்குப் போயிற்று. இன்னொரு விவரம்: வெள்ளி ஊர் என்று பெயர் பெற்றாலும், இங்கு கிடைத்த கட்டிகளின் மதிப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு தங்கம்.

ஆலைகளுக்கு உப்பு டன் கணக்கில் தேவைப்பட்டது. பாலைவன உப்புப் படுகைகளிலிருந்து அதைச் சுமக்க 1860-களின் தொடக்கத்தில் ஒட்டகங்கள் வந்தன. பாரத்தை நன்றாகவே சுமந்தன. ஆனால் அவற்றின் வாடைக்கு மற்ற கால்நடைகள் மிரண்டன. குதிரை வண்டிகள் சரிவில் தறிகெட்டு ஓடின. கடைசியில் 1875-இல் நெவாடா சட்டமன்றம் பொதுச்சாலைகளில் ஒட்டகங்கள் திரியக்கூடாது என்று சட்டமே போட்டது. 1899-இல்தான் அதை நீக்கினார்கள்.

பணத்தின் பாதையும் ஆலைகள் வழியாகவே சென்றது. 1864-இல் கலிபோர்னியா வங்கியின் முகவராக வந்த வில்லியம் ஷாரன், மாதம் 5 சதவீத வட்டி நடப்பில் இருந்த இடத்தில் 2 சதவீதத்துக்குக் கடன் கொடுத்தார். தாது வற்றிய நாளில் கடன்பட்ட ஆலைகள் வரிசையாக வங்கியின் கைக்கு வந்தன. பிறகு சுரங்கங்களில் வாக்குரிமையைப் பிடித்து, தாது முழுவதும் தங்கள் ஆலைகளுக்கே வரும்படி செய்தார்கள். பங்கு வைத்திருந்தவனுக்கு ஈவுத்தொகை இல்லை, அரைத்தவனுக்கு லாபம்.

ஆலைகள் பலவும் கார்சன் ஆற்றங்கரையில் இருந்ததால் ஷாரன் ரயில் பாதையும் போட்டார். 1869 பிப்ரவரியில் வேலை தொடங்கி, 1870 ஜனவரியில் ரயில் வர்ஜீனியா சிட்டியை அடைந்தது. கார்சன் சிட்டி வரை 21 மைல். ஆலைக்குத் தாது கொண்டுபோக டன்னுக்கு 3.50 டாலராக இருந்த கட்டணம் 2 டாலராக இறங்கியது. அதனால் வெட்டி எறிந்திருந்த தரம் குறைந்த தாதுவும் அரைக்கத் தகுந்ததாயிற்று. சரிவைச் சமாளிக்கப் பாதையை வளைத்து வளைத்து இட்டார்கள். வளைவுகளையெல்லாம் கூட்டினால் 17 முழு வட்டம்.

பாதையைக் கட்டியவர்களில் பெரும்பகுதி சீனத் தொழிலாளர்கள். 1869 செப்டம்பரில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தினர் ஊர்வலமாகப் போய் அவர்களை விரட்டினார்கள். ஊர் எல்லைக்குள் சீனரை வேலைக்கு வைப்பதில்லை என்று ஷாரன் ஒப்புக்கொண்ட பிறகே வேலை நடந்தது. அந்தச் சங்கம் நிலத்தடியில் இறங்கும் எவருக்கும் நாளொன்றுக்கு 4 டாலர் என்ற கூலியைக் காத்து நின்றது. அன்றைய உலகில் அது மிக உயர்ந்த கூலி. அந்த நியாயம் சீனருக்கு இல்லை என்று அதே சங்கம் கதவடைத்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்தது தண்ணீர். பழைய சுரங்க வழிகளில் கசிந்த நீரைக் கொண்டே ஊர் காலம் தள்ளியது. மக்கள் பெருகியபோது அது போதவில்லை. நல்ல தண்ணீர் மேற்கே சியராவில் ஹோபார்ட் ஓடையில் இருந்தது. நடுவில் வாஷோ பள்ளத்தாக்கு, ஆயிரத்து எழுநூறு அடிப் பள்ளம். பம்பு வைத்து ஏற்றுவது கட்டாது. ஹெர்மன் ஷுஸ்லர் என்ற பொறியாளர் கவிழ்த்த வளைவுக் குழாயைத் திட்டமிட்டார். ஒரு பக்கம் உயரத்தில் நுழையும் நீர், பள்ளத்தில் இறங்கி, தன் எடையாலேயே மறுபக்கம் ஏறும். நுழைவாய் வெளிவாயைவிட உயரமாக இருந்தால் போதும். கொள்கை எளிது; குழாய் தாங்குமா என்பதே கேள்வி. பள்ளத்தின் அடியில் 1,720 அடி நீரின் அழுத்தம், அதாவது சதுர அங்குலத்துக்கு 740 பவுண்டுக்கு மேல். அதுவரை எங்கும் இவ்வளவு அழுத்தத்தில் குழாய் போட்டதில்லை.

தேனிரும்புத் தகடுகளை உருட்டி ரிவெட் அடித்து, ஏறக்குறைய 12 அங்குல விட்டத்தில், 7 மைல் நீளத்துக்குக் குழாய் செய்தார்கள். இரும்பு 700 டன், ரிவெட்டுகள் சுமார் 10 லட்சம். தகட்டின் கனம் எங்கும் ஒன்றல்ல: அழுத்தம் குறைந்த மேட்டில் மெல்லியது, பள்ளத்தின் அடியில் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு. ஒவ்வொரு துண்டும் எந்த இடத்துக்கு என்று முன்கூட்டியே குறித்து, அந்த வளைவுக்கு ஏற்ப சான்பிரான்சிஸ்கோவில் செய்யப்பட்டது. மாற்றிப் பொருத்தினால் வெடிக்கும். துண்டுகள் சேரும் 1,524 மூட்டுகளிலும் வார்ப்பிரும்பு வளையம் மாட்டி, இடைவெளியில் ஈயம் காய்ச்சி ஊற்றி, உளியால் அடித்து இறுக்கினார்கள். ஈயம் மட்டும் 35 டன். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டலை வெளியேற்ற ஒரு திறப்பு; ஒவ்வொரு மேட்டிலும் காற்றை விட ஒரு திறப்பு. மேட்டில் காற்று அடைபட்டால் ஓட்டம் தடைபடும், திடீரென விடுபட்டால் குழாய் அதிர்ந்து பிளக்கும்.

1873 ஜூனில் பதிக்கத் தொடங்கி, ஆகஸ்டு 1 அன்று தண்ணீர் மறுபக்கம் வந்து சேர்ந்தது. ஊரில் பீரங்கி முழங்கியது, வாணம் விட்டார்கள். நாளொன்றுக்கு 20 லட்சம் காலன். இரண்டே ஆண்டில் இரண்டாவது குழாயும், பின்னர் மார்லெட் ஏரியின் நீரும் சேர்ந்தன.

அதே ஆண்டுதான் மிகப் பெரிய தாதுத்திரளும் வெளிப்பட்டது. ஜான் மக்கே, ஃபேர், ஃபிளட், வில்லியம் ஓபிரையன் என்ற நால்வர் மதிப்பிழந்து கிடந்த கன்சாலிடேட்டட் வர்ஜீனியா சுரங்கத்தை வாங்கி, 1,167 அடி மட்டத்தில் பக்கவாட்டாகத் தோண்டிப் போனார்கள். 1873-இல் தாது தட்டியது. அதுவும் பக்கத்து கலிபோர்னியா சுரங்கமும் சேர்ந்து 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டின.

1875 அக்டோபர் 26 விடியற்காலையில் ஏ தெருவின் விடுதி ஒன்றில் பிடித்த தீ, மலைக்காற்றில் சரிவு நெடுக இறங்கி ஊரின் நடுப்பகுதியை விழுங்கியது. அன்று மக்கேயின் கவலையெல்லாம் சுரங்கக் குழியைப் பற்றித்தான். மேலே எரிந்தால் மறுபடி கட்டலாம். குழி வழியே சதுரச் சட்டங்களில் நெருப்பு இறங்கினால் யெல்லோ ஜாக்கெட் கதிதான். கூண்டுகளைக் குழிக்குள் சற்றே இறக்கி நிறுத்தி, அதன் மேல் மரமும் மண்ணும் கொட்டி அடைத்தார்கள். மேலே எல்லாம் சாம்பலானது. கீழே மரங்கள் தப்பின. அடுத்த ஆண்டுகளில் ஊர் செங்கல்லில் எழுந்தது. இன்று பார்க்கிற கட்டடங்கள் பெரும்பாலும் அப்போதையவை.

ஆழம் கூடக் கூட வெப்பம் மனிதனை விரட்டியது. கோல்ட் ஹில் பகுதியில் 3,000 அடி மட்டத்தில் பீறிட்ட நீரின் வெப்பம் 77 டிகிரி செல்சியஸ். அதில் விழுந்தவர்கள் வெந்து இறந்தார்கள். ஆட்கள் இடுப்புத் துணியோடு சில நிமிடம் வெட்டிவிட்டு, காற்றுக் குழாயடியில் நின்று, பனிக்கட்டியைத் தலையில் தேய்த்துக்கொள்வார்கள். 1878 கோடையில் பெருந்திரள் சுரங்கங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 95 பவுண்டு பனிக்கட்டி செலவானது. அந்தப் பனிக்கட்டியும் சியராவில் இருந்து ரயிலில் வந்ததுதான்.

இதற்கெல்லாம் ஒரே வழி என்று அடால்ஃப் சூட்ரோ சொல்லிக்கொண்டிருந்தது கிடைமட்டச் சுரங்கவழி. கார்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மலையைக் குடைந்து அடியில் சேர்ந்தால், தண்ணீர் தானாக வடியும், காற்று வரும், தீப்பிடித்தால் ஆட்கள் தப்பலாம். வங்கிக் கூட்டம் முட்டுக்கட்டை போட்டது. தாது அந்த வழியாக ஆற்றுக்கு இறங்கினால் அவர்களுடைய ரயிலுக்கு என்ன வேலை? யெல்லோ ஜாக்கெட் தீக்குப் பிறகு தொழிலாளர் சங்கம் சூட்ரோ பக்கம் சாய்ந்து பணமும் கொடுத்தது. 1869 அக்டோபரில் தொடங்கி, 20,489 அடி குடைந்து, 1878 ஜூலை 8 அன்று சாவேஜ் சுரங்கத்தைத் துளைத்தார்கள். சுமார் 1,640 அடி ஆழத்தில் சேர்ந்தது. அதற்குள் பெரிய சுரங்கங்கள் அதைவிட ஆழத்துக்கு இறங்கிவிட்டன, தாதுவும் தீர்ந்துகொண்டிருந்தது. சூட்ரோ பங்குகளை விற்றுவிட்டு சான்பிரான்சிஸ்கோ போய்ப் பின்னாளில் அந்நகரின் மேயர் ஆனார். திட்டம் தவறல்ல, காலம் தவறியது. பத்தாண்டு முன்பே வந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்ற எண்ணம் தவிர்க்க முடியாதது.

ஊரின் பத்திரிகையான டெரிட்டோரியல் என்டர்பிரைஸில் 1862-இல் நிருபராகச் சேர்ந்த சாமுவேல் கிளெமன்ஸ், 1863 பிப்ரவரியில் மார்க் ட்வைன் என்ற பெயரை முதன்முதலில் இட்டதும் இங்கேதான்.

1880 கணக்கெடுப்பில் 10,917 பேர் இருந்த ஊரில் இப்போது ஆயிரம் பேர்கூட இல்லை. வர்ஜீனியா சிட்டிக்கு வந்த ரயில் 1938-இல் நின்றது. சுற்றுலாவுக்காகப் பின்னர் பாதையை மீட்டார்கள். 1961-இல் ஊர் தேசிய வரலாற்றுச் சின்னமானது. ஆலைகள் இழந்த பாதரசம், மதிப்பீட்டின்படி சுமார் 1.4 கோடி பவுண்டு, கார்சன் ஆற்றின் வண்டலில் இன்னும் கிடக்கிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் கரை அரிந்து நீரில் கலக்கிறது. நுண்ணுயிர்கள் அதை மாற்ற, மீனின் சதையில் சேர்கிறது. 1990-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த ஆற்றை முன்னுரிமைத் தூய்மைப் பட்டியலில் சேர்த்தது. கீழே லஹோன்டன் நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு, பிடித்த மீனைச் சாப்பிட வேண்டாம் என்று மாநிலம் இன்றும் சொல்கிறது. சி தெருக் குழாய்களில் வருவது மட்டும் நல்ல தண்ணீர்: ஷுஸ்லர் பள்ளத்தாக்கைத் தாண்டக் காட்டிய அதே வழியில், சியரா மலையின் நீர்.